தனபாக்கியம் அக்கா செத்துப்போன வாரம்

டோபின் க்ரீக் மருத்துவமனைக்கு ஃபேஸ்புக்கில் ஒரு செய்திப் பக்கம் உண்டு. டாலஸ் பக்கத்துப் பெரிய மருத்துவமனைகள் ரோபோ வைத்து ஆபரேஷன் செய்தோம் என்று பீற்றிக்கொள்ளும் காலத்தில், இந்தப் பக்கத்தில் வருவதெல்லாம் வேறு ரகம். "வெள்ளிக்கிழமை கேன்டீனில் கெளுத்தி மீன் வறுவல். தாமதமாக வருகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு மட்டும்." "ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டால் ஒரு டஜன் முட்டை இலவசம்." "ஹெலிகாப்டர் இறங்கும் இடத்தில் ஆடு கட்ட வேண்டாம் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். யாருடைய ஆடு என்று எங்களுக்குத் தெரியும்." டாலஸ் பக்கம் காப்பெலில் உட்கார்ந்துகொண்டு, மூன்று மணி நேரம் தள்ளியிருக்கும் ஊரின் ஆட்டைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை என்று என் மனைவி கேட்பாள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை பொய் இருக்காது. இந்தக் காலத்தில் அப்படி வேறு எதைப் படிக்க முடிகிறது, சொல்லுங்கள்.

அந்தப் பக்கம்தான் போன வருஷத்துக்கு முந்தின அக்டோபரில் தனபாக்கியம் அக்காவைச் சாகடித்தது.

அக்காவின் ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். கோயம்புத்தூரில் பிசியோதெரபி படித்துவிட்டு அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, கிரீன் கார்டு போட்டுத் தருகிறோம், வருகிறீர்களா என்று டெக்சாஸிலிருந்து கேட்டார்கள். டெக்சாஸ் என்றால் டாலஸ் என்று நினைத்து அக்கா சரி என்றார். வந்து இறங்கினால் ஊரில் ஒரே ஒரு சிக்னல், அதுவும் மஞ்சள் விளக்கை மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. கணவர் சேனாபதி மாமா, "ஒரு வருஷம் பல்லக் கடிச்சுட்டு இருந்துட்டு டாலஸ் போயிறலாம்" என்றாராம். இன்னும் கடித்துக்கொண்டுதான் இருக்கிறார். மகள் யாமினி அங்கே பள்ளிக்கூடம் முடித்து, கல்யாணமாகி, இப்போது கலிபோர்னியாவில் பிளசன்டனில் குழந்தையும் குடும்பமுமாக இருக்கிறாள். அக்கா டோபின் க்ரீக்கை விட்டு நகரவில்லை.

அந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் மாட்டுப் பண்ணைக்காரர்கள். குதிரையிலிருந்து விழுவார்கள், காளையிடம் முட்டு வாங்குவார்கள், இடுப்பு எலும்பை மாற்றிக்கொண்டு அடுத்த வாரமே டிராக்டர் ஓட்டப் போய்விடுவார்கள். அவர்களை இழுத்துவந்து கட்டிலில் போட்டு, "மடக்கு, நீட்டு, இன்னொருக்கா" என்று தமிழிலேயே அதட்டுவார் அக்கா. ஆரம்பத்தில் இங்கிலீஷ் சட்டென்று வராததால் தமிழில் அதட்டியது. பிறகு அதுவே நிலைத்துவிட்டது. இன்றைக்கும் அந்த ஊர்க் கடைவாசலில், ஆறடி உயரக் கிழவர் ஒருவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கும்போது, "மெதுவா, மெதுவா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைக் கேட்கலாம். என் முதுகுவலியையும் அக்காதான் போனிலேயே அதட்டிச் சரிசெய்தார். எங்கள் பழக்கம் அப்படித் தொடங்கியது.

இருபது வருஷ சேவை, அத்தோடு அந்த ஆண்டின் சிறந்த ஊழியர், இரண்டுக்கும் சேர்த்து அக்காவுக்கு விழா எடுக்க மருத்துவமனை முடிவு செய்தது. வேலையெல்லாம் ப்ரெண்டா தலையில். வரவேற்பு மேஜையில் உட்காருவது, செய்திப் பக்கம் எழுதுவது, ஆட்டை விரட்டுவது எல்லாம் அந்த அம்மாள்தான். தங்கமான மனுஷி. அக்காவை அக்காவின் வழக்கப்படியே கௌரவிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது.

நம் வழக்கம் ப்ரெண்டாவுக்கு எப்படித் தெரியும்? ஒரு முறை அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, சுவரில் சேனாபதி மாமாவின் அம்மா படத்தைப் பார்த்திருக்கிறார். படத்துக்குச் சந்தன மாலை, கண்ணாடியில் குங்குமப் பொட்டு, கீழே ஒரு சின்ன விளக்கு. இது யார் என்று கேட்டாராம். சோற்றைப் பிசைகிற நேரத்தில் சாவுப் பேச்சு எதற்கு என்று, "எங்க வீட்டிலேயே ரொம்ப மரியாதைக்குரியவர்" என்று அக்கா சொல்லிவைத்தார். அந்த மாமியார் உயிரோடு இருந்தவரை அக்கா அவருக்குக் கொடுத்த மரியாதை எங்களுக்கெல்லாம் தெரியும். அதை விடுங்கள்.

ப்ரெண்டா அதை அப்படியே மனதில் பிடித்துக்கொண்டார். அக்கா வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த படத்தைத் தேடி எடுத்தார். பிரிண்டரில் கலர் மை தீர்ந்துபோயிருந்ததால் அது கறுப்பு வெள்ளையில் வந்தது. ஃபிரேம் போட்டார். பள்ளிக்கூட விழாவில் மிஞ்சிய துணிச் சாமந்திகளைக் கோத்து மாலை போட்டார். நெற்றிக்கு நேராகக் கண்ணாடியில் சிவப்பு நெயில் பாலிஷால் பொட்டு வைத்தார். முன்னால் ஒரு பேட்டரி மெழுகுவத்தி. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, வியாழக்கிழமை செய்திப் பக்கத்தில் போட்டு, கீழே எழுதினார்: "நம் தனா. 2004 – 2024. என்றென்றும் நம் இதயங்களில். தனாவின் வாழ்வையும் பணியையும் கொண்டாடச் சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கேன்டீனுக்கு வாருங்கள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரவும்."

ஒரு தமிழனுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அன்று சாயங்காலமே படம் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்துவிட்டது. முதலில் காப்பெல், அடுத்து பக்கத்து ஊரான ஆலன், அப்புறம் பிளசன்டன் போய்த் திரும்பி, "ஃபார்வேர்டட் மெனி டைம்ஸ்" என்ற முத்திரையோடு மறுபடியும் காப்பெலுக்கே வந்தது. ஆழ்ந்த இரங்கல், ஓம் சாந்தி, கூப்பிய கைகள், அணைந்த அகல்விளக்கு. ஒரே ஒருவர் மட்டும், 'கொண்டாட வாருங்கள்' என்று போட்டிருக்கிறதே என்று சந்தேகம் கேட்டார். எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் நஞ்சப்பன் உடனே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: "பாருங்க, இந்த ஊர்ல சாவுக்கு செலிப்ரேஷன்னுதான் போடுவாங்க. நான் இருவத்தஞ்சு வருஷமா அப்சர்வ் பண்ணிட்டிருக்கேன். யாரும் கன்ஃப்யூஸ் ஆயிறாதீங்க." அப்படியானால் இரண்டாயிரத்து நான்கில் பிறந்ததாகப் போட்டிருக்கிறதே என்று சந்தேகம் கேட்டவர் விடவில்லை. அக்கா அமெரிக்கா வந்தது ஒரு மறுபிறப்பு, அதைத்தான் வெள்ளைக்காரன் நாசூக்காகச் சொல்கிறான் என்று நஞ்சப்பன் விளக்கினார். சந்தேகம் கேட்டவரும் கூப்பிய கைகளைப் போட்டுவிட்டார்.

யாராவது அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்கவில்லை. இறந்தவர் போனுக்குப் பேச முடியாது. சேனாபதி மாமாவோ பேத்தியைப் பார்க்கப் பிளசன்டன் போகும் விமானத்தில் இருந்தார். யாமினியிடம் பேச ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. "பாவம் அந்தப் பொண்ணு, நாம போய் என்னன்னு கேக்கறது" என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் பேசுவார் என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில், மாமா வீட்டில் இருப்பார் என்று நினைத்துத் துக்கம் கேட்க அவர்கள் வீட்டு எண்ணுக்குப் போன் போட்டேன். டோபின் க்ரீக்கில் செல்போன் டவர் சரியாக எடுக்காது. எல்லார் வீட்டிலும் பழைய போன்தான். இரண்டு மணி அடித்ததும் எடுத்தார்கள்.

"ஹலோ?" என்றது அக்காவின் குரல்.

போனை நான் கீழே போடவில்லை, அதுவாக விழுந்தது. எடுத்துக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் கோபமாகிவிட்டது. "யாருங்க அது, பேசாம மூச்சு மட்டும் உடறது?"

"அக்கா... நீங்க எறந்துட்டீங்கன்னு..."

"செழியனா? ஏஞ்சாமி, காலங்காத்தால என்ன பேச்சு இது? குடிச்சுட்டியா?"

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மாலை, பொட்டு, மெழுகுவத்தி, நஞ்சப்பனின் விளக்கம். அக்கா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. "மூஞ்சில நெயில் பாலிசா? அடக் கருமமே! ப்ரெண்டா, ப்ரெண்டா!" என்று தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார். உடனே எல்லாக் குழுவிலும் போட்டுவிடுகிறேன் அக்கா என்றேன். சிரிப்பு நின்றுபோனது.

"இரு இரு," என்றார். "செல்வராசுக்குத் தெரியுமா?"

செல்வராஜ் அக்காவின் ஒரே தம்பி. ஆலனில் இருக்கிறார். அக்காவும் தம்பியும் பேசிப் பதினோரு வருஷம். யாமினி கல்யாணம் டாலஸ் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாய்மாமன் சீர் என்றால் எங்கள் பக்கத்தில் விளையாட்டில்லை. செல்வராஜ் ஒரு வேன் நிறையத் தட்டுகளோடு வந்து இறங்கினார். சேலை, நகை, பழம், வெல்ல அச்சு, சாக்லேட்டில் செய்த ஒரு முழு மயில். மண்டபத்தின் பெரிய கதவு வழியாக மேளத்தோடு ஊர்வலமாக வர வேண்டும். ஆனால் அதே நேரத்தில் பக்கத்து ஹாலில் யாரோ ஒரு பல் டாக்டருக்குப் பிரிவுபசார விழா. பெரிய கதவு அவர்களுக்கு ஒதுக்கியது, பின்பக்கச் சமையற்கட்டு வழியாக வாருங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். தாய்மாமன் சமையற்கட்டு வழியாக வருவதா என்று செல்வராஜ் மல்லுக்கு நின்றார். உள்ளே முகூர்த்தம் முடியப் போகிறது. "நல்ல நேரம் போயிரும், கட்டச் சொல்லுங்க" என்று அக்கா சொல்லிவிட்டார். தாலி கட்டி முடிந்த பிறகு கதவு திறந்தது. ஜூலை மாத வெயிலில் மயில் தலையிலிருந்து கால்வரை உருகித் தட்டில் ஓடிக்கொண்டிருந்தது. தட்டுகளை அங்கேயே தரையில் வைத்துவிட்டுச் செல்வராஜ் சொன்னார்: "இனி உன்ற வாசப்படி மிதிக்க மாட்டேன். நீ செத்தாலும் வர மாட்டேன்."

அந்த ஒரு வாக்கியத்தை அக்கா மனதில் போட்டு அரைத்துக்கொண்டே இருந்தார். வாசல்படி மிதிக்காதது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. "சாவுக்கு வரமாட்டேன்னு சொல்லிப்போட்டானே" என்பார். ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி என்று ஒரு புதுச் சேலை வர வேண்டும். அண்ணனோ தம்பியோ வந்து அதைப் போர்த்தாமல் எங்கள் பக்கத்தில் பிணத்தை எடுக்க மாட்டார்கள். தன்னைக் கோடி இல்லாமல்தான் எடுக்கப் போகிறார்கள் என்ற பயம், முட்டி எலும்பையே மதிக்காத அந்த அம்மாளுக்கு இருந்தது. என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார்.

"செழியா, சனிக்கிழமை வரைக்கும் வாயத் தொறக்காத," என்றார் இப்போது. "அவன் வர்றானா இல்லையான்னு நான் கண்ணால பாத்தே ஆவோணும்."

"அக்கா, இது பாவங்க. அந்த மனுஷன் நெஜம்னு நம்பிட்டு இருப்பாரு."

"பதினோரு வருஷமா அவன் என்னச் சாவடிச்சுத்தான வச்சிருந்தான்? ஒரே ஒரு நாள் நான் செத்திருந்தா என்ன கொறஞ்சுபோச்சு?"

சரிங்கக்கா என்றேன். மாமாவுக்கும் யாமினிக்கும் மட்டும் அவரே பேசிச் சொல்லிவிட்டார். யாமினி, "அம்மா, திஸ் இஸ் இன்சேன்" என்று கத்தியிருக்கிறாள். மாமா, "சரி, உன்ற இஷ்டம்" என்று மட்டும் சொன்னாராம். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம் ஆன மனிதர், எதில் தலையிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று மத்தியானம் செல்வராஜுக்குப் போன் போட்டேன். வாயைத் திறக்கக் கூடாது. ஆனாலும் ஆள் எப்படி இருக்கிறார் என்று தெரிய வேண்டுமே. "அக்கா விஷயம் கேள்விப்பட்டீங்களாங்க?" என்றேன்.

"நமக்கும் அவிங்களுக்கும் ஒண்ணும் இல்லீங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. உருகியது ஒரு சாக்லேட் மயில், அதற்கு இவ்வளவா? சாயங்காலம் அக்கா போன் செய்து, "அவங்கிட்ட ஏதாச்சும் பேசினியா?" என்று கேட்டார். அவர் போனை எடுக்கவில்லை என்று பொய் சொன்னேன். "எடுக்கலீன்னா அழுதுட்டிருப்பான்," என்றார் அக்கா நம்பிக்கையாக. அதைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இதற்கிடையில் நஞ்சப்பன் இரண்டு வேன் ஏற்பாடு செய்துவிட்டார். ஆளுக்கொரு பதார்த்தம் என்று போட்டிருந்தது எங்கள் ஆட்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. துக்க வீட்டில் அடுப்பு எரியாது, சுற்றத்தார்தான் சோறு கொண்டுபோக வேண்டும் என்று வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள் என்று நெகிழ்ந்துபோனார்கள். இனிப்பு கூடாது, அப்பளம் பொரிக்கக் கூடாது, பாயசம் பேச்சே எடுக்கக் கூடாது என்று பெண்கள் குழுவில் சட்டம் போட்டார்கள். கடைசியில் முப்பது பேர் சேர்ந்து எட்டுப் பாத்திரம் தயிர்சாதம் கொண்டுவந்தார்கள்.

சனிக்கிழமை காலை வேனில் நான் வாயைப் பொத்திக்கொண்டு கடைசி ஸீட்டில் உட்கார்ந்திருந்தேன். நஞ்சப்பன் இரங்கல் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். ஃப்ரீவே முடிந்து பண்ணைகள் ஆரம்பித்ததும், "இந்தக் காட்டுலயா பாவம் இத்தன வருஷம் இருந்துச்சு" என்று முன்னால் ஒரு அம்மா விசும்பினார். அது அப்படியே பின்னால் வரை பரவியது.

மருத்துவமனை வாசலில் பிக்கப் டிரக்குகள் வரிசையாக நின்றன. ஒரு பெரிய டிரம்மில் மாட்டுக்கறி வாட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் பலூன் பிடித்துக்கொண்டு ஓடின. இவர்கள் துக்கத்தை இப்படித்தான் கொண்டாடுவார்கள் என்று நஞ்சப்பன் எல்லாரையும் தைரியப்படுத்தினார். முப்பது தமிழர்கள் வெள்ளை உடுத்தி, தயிர்சாதத்தோடும் ஒரு மலர்வளையத்தோடும் வேனிலிருந்து இறங்கினோம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்ற பண்ணைக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி, எங்களுக்கு மரியாதையாக, "மெதுவா, மெதுவா" என்றார்.

கேன்டீன் உள்ளே, மேஜையின் நடுவில், அந்தப் படம். மாலை, பொட்டு, மெழுகுவத்தி. அதைப் பார்த்ததும் பெண்கள் மூன்று பேர் ஒன்றாகக் குரலெடுத்து அழ ஆரம்பித்தார்கள். நஞ்சப்பன் மலர்வளையத்தைப் படத்தின் காலடியில் வைத்துக் கண்ணை மூடினார். ப்ரெண்டா எங்கள் பக்கமாக ஓடிவந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. தான் செய்தது சரிதான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

அப்போது சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு, தோளில் குறுக்காக 'ஆண்டின் சிறந்த ஊழியர்' என்ற நீலப்பட்டையோடு, கையில் ஒரு தட்டுச் சோள ரொட்டியோடு தனபாக்கியம் அக்கா வந்தார்.

"வாங்க, வாங்க. எல்லாரும் வந்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவர் கண் எங்கள் தலைகளுக்கு மேலாக வாசலுக்குப் போனது.

அழுத மூன்று பேரில் ஒருவர் அப்படியே சரிந்தார். இன்னொருவர் எட்டிப் போய் அக்காவைக் கிள்ளிப் பார்த்தார். நஞ்சப்பனுக்கு நெஞ்சை அடைத்தது, பின்னால் இன்னும் இரண்டு பேர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல வேளையாக அது மருத்துவமனை. கண் மூடித் திறப்பதற்குள் சக்கர நாற்காலிகள் நான்கு வந்துவிட்டன, கையில் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் நான்கு நோயாளிகள் வந்தது அந்த மருத்துவமனைக்குச் சமீபத்தில் நடக்காத விஷயமாம். அதையும் அன்றே செய்திப் பக்கத்தில் போட்டார்கள்.

"ஏனுங்க தனபாக்கியம், உசுரோட இருக்கறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்று சக்கர நாற்காலியில் இருந்தபடி நஞ்சப்பன் கேட்டார். குரலில் ஏமாற்றம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் எழுதிவந்ததை வீணாக்க அவருக்கு மனமில்லை. மைக்கைப் பிடித்து இங்கிலீஷில் முழு உரையையும் படித்தார். எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. செத்தவரைப் பற்றி நாம் சொல்வதும் ஊழியர் விழாவில் சொல்வதும் ஒன்றுதான். பண்ணைக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அக்காவுக்கு ஒரு மரப்பலகையில் பதித்த, பளபளக்கும் செயற்கை முழங்கால் மூட்டைப் பரிசாகக் கொடுத்தார்கள். தயிர்சாதம் முழுவதும் தீர்ந்துபோனது. கறியைச் சாப்பிட்டுவிட்டு வயிற்றுக்கு இதமாக இருக்கிறது என்று இரண்டு தடவை வாங்கிக்கொண்டார்கள்.

அக்கா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. கேன்டீன் கதவு திறக்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். யாராவது முதியவர் வாக்கரோடு வருவார், யாராவது குழந்தை ஐஸ்கட்டி எடுக்க வரும். மணி இரண்டாகி நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்கள். முழங்கால் மூட்டை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வரல," என்றார்.

"தூரம் ஜாஸ்திக்கா. வழியில ட்ராஃபிக்..."

"பொய் பேசாத. முப்பது பேரு வந்திருக்கீங்க. இதுல பாதிப் பேர எனக்கு யாருன்னே தெரியாது. என்ற கூடப் பொறந்தவன் வரல." அக்காவின் கண்ணில் நீர் தளும்பியது. "நான் செத்தாலும் வர மாட்டான்னு தெரிஞ்சுபோச்சு செழியா. இத்தன வருஷம் கோவத்துல சொன்னான்னு நெனச்சுட்டு இருந்தேன். இதத் தெரிஞ்சுக்காமயே இருந்திருக்கலாம்."

எனக்கு அந்த ஆளை இழுத்துவந்து நாலு அறை விட வேண்டும்போல இருந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

அப்போதுதான் ஷெரிஃப் அலுவலகத்து டெபுடி, அந்த ஊர்ப் போலீஸ்காரர் ஒருவர், தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். அக்காவிடம் முட்டிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டவர், சங்கடமாக நெளிந்தார். இறந்தவர்களை வைத்திருந்து அடக்கம் செய்து தரும் ஃப்யூனரல் ஹோம் அந்த ஊரில் ஒன்றுதான், அங்கிருந்து கூப்பிட்டார்களாம். காலை எட்டு மணியிலிருந்து அங்கே ஓர் இந்தியர் உட்கார்ந்துகொண்டு, என் அக்காவைக் காட்டு என்கிறாராம். அப்படி ஒருவரும் இங்கே வரவில்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார். நான் வருவதற்குள் எரித்துவிட்டீர்களா என்று சத்தம் போட்டிருக்கிறார். விற்பனைக்கு வைத்திருந்த காலிச் சவப்பெட்டிகளைக்கூட ஒவ்வொன்றாகத் திறந்து காட்டியாகிவிட்டது. பின்னறையில் உண்மையாகவே இறந்துபோன ஒரு மூதாட்டி இருந்தார். அவரையும் எட்டிப் பார்த்து, தப்பாகிவிட்டது என்று கும்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்துவிட்டாராம்.

"அவர் சொல்லும் பெயர் நீளமாக இருக்கிறது," என்றார் டெபுடி. "இப்போதுதான் பிசியோதெரபி என்று ஒரு வார்த்தை சொன்னார். தனா, அது நீங்கள் இல்லையே?"

அக்கா எழுந்த வேகத்தில் பரிசு மூட்டு பலகையோடு தரையில் விழுந்தது. டெபுடியின் காரில் முன்னால் அக்கா, பின்னால் கம்பி வலைக்குள் நான். யோசித்துப் பார்த்தால் செல்வராஜ் போனது சரியான இடம்தான். மற்றவர்கள் எல்லாரும் சாப்பாடு இருக்கும் இடத்துக்கு வந்தோம். தம்பி அக்கா இருக்க வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறார்.

ஃப்யூனரல் ஹோமின் வரவேற்பறையில், பூப்போட்ட சோபாவின் நுனியில் செல்வராஜ் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். நெஞ்சோடு ஒரு துணிப்பையை அணைத்துப் பிடித்திருந்தார். எதிரில் கோட்டுப் போட்ட உரிமையாளர் பயந்துபோய் நின்றிருந்தார். கதவு திறந்ததும் செல்வராஜ் நிமிர்ந்து பார்த்தார். அதிரவில்லை, அலறவில்லை.

"எங்க போய்த் தொலஞ்சக்கா நீ?" என்றார். "காத்தால இருந்து தேடிட்டு இருக்கறேன்."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. முகம் சிவந்தது. "நல்லாத்தான இருக்கற? அப்ப இது என்ன கூத்து? செத்துட்டன்னு சொல்லி வரவெச்சயா?"

"நான் சொல்லல. ப்ரெண்டா சொன்னா."

"எவ அவ?"

"அத உடு. நீ சாவுக்கு வர மாட்டேன்னு சொன்னவனாச்சே!"

"நீ அன்னைக்கு அஞ்சு நிமிஷம் நிறுத்தியிருந்தீன்னா..."

"நீ சமையக்கட்டு வழியா வந்திருந்தீன்னா..."

பதினோரு வருஷத்துச் சண்டை, நடுவில் ஒரு நாள்கூட விட்டுப்போகாததுபோலத் தொடர்ந்தது. பல் டாக்டர், மேனேஜர், வெல்ல அச்சு எல்லாம் வந்துபோயின. உரிமையாளர் என்னைப் பார்த்தார். குறுக்கே போக வேண்டாம் என்று சைகை செய்தேன். மூச்சு வாங்கியபோது அக்காதான் முதலில் நிறுத்தினார்.

"நெசமாச் சொல்லு. எதுக்குடா வந்த?"

"சாவுக்கு வரலக்கா." செல்வராஜ் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இல்ல, அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகலேன்னு யாராச்சும் சொல்லுவாங்கன்னு வந்தேன்."

"பின்ன கோடி எதுக்கு எடுத்துட்டு வந்த?"

அவர் பையைப் பார்த்தார். மடிப்புக் கலையாத ஒரு நூல் சேலை வெளியே எட்டிப் பார்த்தது.

"ஒருவேள நெசமா இருந்து, பொறந்த வூட்டுத் துணி இல்லாமப் போயிருவயேன்னுதான்."

 சோபாவில் உட்கார்ந்தபடியே, ஐம்பது வயது மனிதர், வாயைத் திறந்து அழுதார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து அந்தச் சேலையை உருவி, அதன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். புதுச் சேலை, கஞ்சி போகாதது. கண்ணீரை உறிஞ்சவே இல்லை. அக்கா விடாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.